சர்வேயர் போட்ட பூப்பாத்தி

கார் வந்து நின்றது தன் வீட்டு வாசல்தானா என்று சிஸ்டருக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. கேட் அதே கேட்தான், தாழ்ப்பாளும் அதே துருப்பிடித்த தாழ்ப்பாள்தான். ஆனால் கேட்டிலிருந்து வராந்தாப் படி வரைக்கும் நடைபாதையை ஒட்டி நீளமாக ஓடும் பாத்தியில் யாரோ மூன்று கலரில் மூன்று கோடு இழுத்து வைத்திருந்தார்கள். சுவரோரம் சிவப்பு சால்வியா, நடுவில் மஞ்சள் செண்டுப்பூ, நடைபாதையோரம் ஊதா பெட்டூனியா. நூல் பிடித்த மாதிரி என்று பேச்சுக்குச் சொல்வோமே, இது பேச்சுக்கு இல்லை. நிஜமாகவே நூல் பிடித்துத்தான் நட்டிருந்தது. கோடியில் ஒரு குச்சியில் அந்த நூல் இன்னும் சுற்றிக் கிடந்தது.

அவள் புருஷன் படியில் நின்று போனை நீட்டிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவள் முகம் மலரப்போகிற நொடி தப்பிப்போய்விடக் கூடாதாம். பக்கத்தில் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அண்ணி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அண்ணனுக்குச் சமைத்துப் போட வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள்.

"எப்படி? எப்படி இருக்கு?" என்றார் அவர்.

சிஸ்டர் ஒரு காலைக் காருக்கு வெளியே வைத்திருந்தாள். புது முழங்கால் போட்ட கால். அதை ஊன்றவும் மறந்துபோய், "யாரு கை வச்சது இதுல?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கான்னு கேட்டா, யாரு கை வச்சதுங்கிறா பாரு," என்று அவர் போனுக்குள்ளேயே சிரித்தார். அதுவும் வீடியோவில் பதிவாகி, மகளுக்குப் போய், அவள் அடுத்த நாளே கூப்பிட்டு, "ஏம்மா மூஞ்சிய அப்படி வச்சிருக்க? அப்பா எவ்வளவு ஆசையா செஞ்சிருக்காரு" என்று கேட்டது வேறு கதை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் அவள் நடந்து வந்தபோது பக்கவாட்டில் திரும்பவே இல்லை. அந்த மூன்று கோட்டையும் அப்போதே வாக்கரால் ஒரு இழுப்பு இழுத்திருப்பாள். கையை எடுத்தால் கீழே விழுந்துவிடுவோமே என்ற பயத்தில்தான் பேசாமல் போனாள்.

தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்; வேலை போனாலும் அந்தப் பேர் போகவில்லை. அவர் நிலம் அளக்கிற வேலையில் இருந்தவர், அதனால் சர்வேயர். ஓய்வு பெற்ற பிறகும் டேப்பும் பென்சிலும் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக்கூட அளந்துதான் துடைப்பத்தை வைப்பார். அளக்காமல் அவர் செய்த ஒரே காரியம் கல்யாணம்தான் என்று நாத்தனார் கேலி செய்வாள். அவரும் ஆமாம் என்று தலையாட்டுவார்.

அந்தப் பாத்தி சிஸ்டருடையது. வீடு கட்டி முடித்தபோது அந்த இடத்தில் செங்கல் துண்டும் காய்ந்த சிமெண்டும்தான் கிடந்தன. நைட் டியூட்டி முடிந்து வந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல், ஒரு மணி நேரம் கொத்திவிட்டுத்தான் படுக்கப் போவாள். வார்டில் அன்றைக்கு யாராவது அவள் கையிலேயே உயிரை விட்டிருந்தால் இரண்டு மணி நேரம் கொத்துவாள். கல்வாழை, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழாய் ஒழுகுகிற இடத்திலிருந்து பெயர்த்து வந்தது. டாலியாக் கிழங்கு, நெடுநாள் படுக்கையில் இருந்து பிழைத்துப் போன ஒரு அம்மாள் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தது. லில்லியும் நிலச்சம்பங்கியும் எங்கெங்கோ கேட்டும் கேட்காமலும் வாங்கியவை. ஒரு தடவை வைத்தால் வருஷா வருஷம் தானே எழுந்து வருகிற ஜாதி எல்லாம். அவளுடைய பாத்தியில் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் பூக்காது. வெயில் ஏற ஆரம்பித்ததும் லில்லி வரும். அது ஓய்கிற நேரத்தில் கல்வாழை தீயாய் எரியும். கோடை உச்சிக்கு வரும்போது டாலியா. சாயங்காலத்துக்குச் சம்பங்கி. வார்டில் ஷிப்ட் மாற்றுகிற மாதிரி ஒன்று இறங்க ஒன்று ஏறும். கோடை முடிகிற வரைக்கும் அந்தப் பாத்தி ஒரு நாள்கூட வெறிச்சென்று இருந்ததில்லை.

ஆனால் மலைக் குளிர் வந்துவிட்டால் மேலே ஒன்றுமே இருக்காது. தண்டு காய்ந்து சாயும், இலை மக்கும், அப்புறம் வெறும் மண்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம், "என்ன சிஸ்டர், தோட்டத்தை விட்டுட்டீங்களா?" என்று கேட்பார்கள். "டியூட்டி முடிஞ்சு தூங்குதுங்க," என்பாள். அப்படித் தூங்குகிற காலத்தில்தான் அவள் முழங்கால் ஆபரேஷனுக்குப் போனாள். போகும்போதே படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்: பாத்தியக் கொத்தாதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, ஒண்ணும் செய்யாதீங்க, அது பாட்டுக்குக் கெடக்கட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு மகள் வீட்டில் தங்கி இருந்தபோதும் போனில் சொன்னாள். சர்வேயர் ஒவ்வொரு தடவையும் "உம்" என்றார். அந்த "உம்"மை நம்பியதுதான் அவள் செய்த மடத்தனம்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் நாத்தனார் டீயை நீட்டினாள். சிஸ்டர் வாங்கிக் கீழே வைத்தாள்.

"இருந்ததெல்லாம் எங்க?"

"என்ன இருந்துச்சு? காஞ்ச குச்சிதானே," என்றார் சர்வேயர். மேஜை டிராயரைத் திறந்து ஒரு பெரிய தாளை எடுத்து விரித்தார். பாத்தியை அளவெடுத்து வரைந்திருந்தார். கலர் பென்சிலால் சிவப்பு, மஞ்சள், ஊதா. செடிக்கும் செடிக்கும் உள்ள தூரம், உயரம் எல்லாம் போட்டிருந்தது. மூலையில் பழைய நிலைமை என்று குட்டியாக இன்னொரு படம். அதில் பாத்தியைக் கோடு கோடாக நிரப்பி, நடுவில் அழகான கையெழுத்தில் 'காலி இடம்' என்று எழுதியிருந்தார். வாழ்நாள் முழுக்க அவர் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறார். தரைக்கு மேலே வீடோ மரமோ கிணறோ கண்ணில் பட்டால் அது படத்தில் ஏறும். கண்ணில் படாவிட்டால் காலி இடம்.

"நாடி பாத்தீங்களா?" என்றாள் சிஸ்டர்.

"என்னது?"

"மேல அசைவில்லன்னா பொணம்னு முடிவு கட்டிருவீங்களா? தொட்டுப் பாக்க வேணாம்? மண்ண ஒரு விரக்கடை கிளறிப் பாக்க வேணாம்? நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, தூங்குதுன்னு!"

"இந்தா, கத்தாத. குத்துக்கால் வச்சு உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இனிமே நீ எப்படிக் கொத்துவ? வர்ற வெயில் காலத்துக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டுமேன்னு செஞ்சேன். உனக்காகத்தான் செஞ்சேன்."

உனக்காகத்தான்! அந்த வார்த்தை வந்து விழுந்ததும் சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டினால் ஏற்றுக்கொள்ளலாம், அடித்தால் திருப்பி அடிக்கலாம். உனக்காகத்தான் என்று சொல்லிவிட்டு எதிரே நிற்கிறவரை என்ன செய்வது? பிடுங்கியதெல்லாம் எங்கே என்று மறுபடியும் கேட்டாள். குப்பை வண்டியில் போய்விட்டது என்றார். எப்போது என்றாள். அது போய் ரொம்ப நாள் ஆச்சு என்றார். டீ ஆடை கட்டிக் கிடந்தது. நாத்தனார் அதை எடுத்துப் போய்க் கொட்டினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அந்த வீட்டில் பாத்தியைத் தவிர வேறு பேச்சே இல்லை, சிஸ்டர் வாயிலிருந்து மட்டும் ஒரு நல்ல வார்த்தை இல்லை. எதிர்வீட்டுக்காரர் கேட்டில் நின்று, "சிஸ்டர், குடுத்து வச்சவங்க நீங்க. எங்க வீட்டுல ஒரு வாழைக்கன்னு வைக்கச் சொன்னாக்கூட யாரும் அசைய மாட்டேங்கிறாங்க," என்பார். பால் போடுகிறவள் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். சர்வேயர் தினமும் காலையில் பூவாளியோடு இறங்கி, ஒவ்வொரு செடிக்கும் ஒரே அளவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் நின்று பாராட்டுவதற்குத் தோதாக மெதுவாக நகர்வார். தலைகால் புரியவில்லை மனிதருக்கு. சிஸ்டர் ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்வாள். காலை நீட்டு, மடக்கு, நீட்டு. ஒவ்வொரு மடக்கலுக்கும் பல்லைக் கடிப்பாள். வலி பாதி, வயிற்றெரிச்சல் பாதி.

"அண்ணி, ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொல்லிட்டா என்ன கொறஞ்சா போயிடும்? மனுஷன் ஏங்கிக் கெடக்குறாரு," என்றாள் நாத்தனார் பட்டாணி உரித்துக்கொண்டே.

"நல்லாத்தான் இருக்கு. எவன் வீட்டுத் தோட்டமோ."

"எரிஞ்சு விழாதீங்க. செடிதானே, போனா வேற வச்சுக்கலாம்."

"ஒனக்குத் தலைமுடி கொட்டினப்ப, விக் வச்சுக்கன்னு நான் சொன்னேனா?"

நாத்தனார் பட்டாணித் தோலைத் திரட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெயில் ஏற ஏற மண்ணில் சூடு இறங்கியது. ஒரு நாள் காலையில் சிஸ்டர் ஜன்னலில் இருந்து பார்க்கும்போது, செண்டுப்பூ வரிசைக்கு நடுவில், கருஞ்சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தாளைச் சுருட்டி மண்ணில் குத்தி வைத்த மாதிரி. கல்வாழை! கிழங்கில் ஒரு துண்டு எங்கேயோ ஆழத்தில் தப்பித்துக் கிடந்திருக்கிறது. கல்வாழையை அவ்வளவு சுலபமாகத் தோண்டித் தீர்த்துவிட முடியாது என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் அந்த மூன்று கோட்டைப் பார்த்த கோபத்தில் நினைக்கவே தோன்றவில்லை. யாரிடமும் அவள் சொல்லவில்லை. அன்றைக்குப் பயிற்சியைப் பல்லைக் கடிக்காமல் செய்தாள். ராத்திரி மகளோடு போனில் பேசும்போது சிரித்ததாகக்கூட நாத்தனார் சொன்னாள்.

மறுநாள் காலையில் அது இல்லை.

நத்தையாக இருக்கும் என்று நினைத்தாள். அணிலாக இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து பெட்டூனியாவுக்குள்ளே லில்லி ஒன்று மூக்கை நீட்டியது. அதுவும் மறுநாள் காணோம். அப்புறம் இன்னொரு கல்வாழை, இந்தத் தடவை வராந்தாப் படிக்கு ரொம்பப் பக்கத்தில். அதுவும் போனது. சிஸ்டர் அன்றைக்கு வாக்கரை ஊன்றிப் படியில் இறங்கி, விழுந்தாலும் பரவாயில்லை என்று குனிந்து பார்த்தாள். மண் மட்டத்தில் அடித்தண்டு மிச்சமிருந்தது. வெட்டுவாய் ஒரே சாய்வாக, சுத்தமாக இருந்தது. எத்தனை காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டியிருப்பாள் அவள்? பல் பட்ட காயம் எது, கத்தி பட்ட காயம் எது என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நத்தை கையில் கத்தரிக்கோல் கிடையாது.

அடுத்த நாள் விடிகிற நேரத்தில் எழுந்து, விளக்கைப் போடாமல் ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். வெளுத்துக்கொண்டு வந்தது. வாசல் கதவு சத்தமில்லாமல் திறந்தது. சர்வேயர் செருப்புகூடப் போடாமல் இறங்கினார். முதலில் பாத்தியின் கோடியில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசையைப் பார்த்தார், காலமெல்லாம் அளவுக் கம்பு நட்டுப் பார்த்த கண். வரிசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தென்பட்டிருக்க வேண்டும். நேராக அங்கே போய்க் குனிந்தார். கையில் இருந்தது அவளுடைய கத்தரிக்கோல், கைப்பிடியில் பிளாஸ்திரி சுற்றின கத்தரிக்கோல், டாலியாவுக்கு மட்டும் என்று அவள் ஒதுக்கி வைத்தது. நறுக்கினார். நறுக்கியதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மண்ணை விரலால் தடவிச் சமன் செய்தார். அப்புறம் பூவாளியை எடுத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

அடப்பாவி மனுஷா! சிஸ்டருக்கு முழங்காலில் ஆணி அடித்த மாதிரி வலித்தது, அதோடு எழுந்தாள். வாக்கர் தரையில் இடித்த சத்தத்தில் நாத்தனாரும் எழுந்து வந்துவிட்டாள். வராந்தாவில் நின்று சிஸ்டர் சொன்னாள்:

"பாக்கெட்டக் காட்டுங்க."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "எதுக்கு இவ்வளவு சீக்கிரம் எந்திரிச்ச? கால் வீங்கிரும்."

"பாக்கெட்டக் காட்டுங்கன்னேன்."

"களைம்மா. வரிசைக்கு நடுவுல களை வந்திருக்கு. அதப் பிடுங்கினேன்."

"களைய யாராவது சட்டப் பையில போட்டு ஒளிச்சு வைப்பாங்களா?"

நாத்தனார்தான் இறங்கிப் போய் அண்ணன் பையில் கையை விட்டு எடுத்தாள். டேப்புக்கும் பென்சிலுக்கும் நடுவிலிருந்து கருஞ்சிவப்பு முளை ஒன்று வந்தது. இன்னும் விரியாத இலை. வெட்டுவாயில் நீர் கோத்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே நாத்தனார் வாயைத் திறந்தாள். அவளுக்கும் நாள் கணக்காகத் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

"அண்ணே, தோண்டின அன்னிக்கே நான் சொன்னேன்ல? கிழங்கெல்லாம் மொள விட்டிருக்கு, உசுரு இருக்கு, அண்ணிகிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுருவோம்னு சொன்னேன்ல?"

"சும்மா இரு நீ."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? பிளான் போட்டாச்சு, இனி மாத்த முடியாதுன்னு சொன்னீங்க. நானும் நமக்கென்னன்னு வாய மூடிக்கிட்டேன். எனக்கும் நல்லா வேணும்."

சிஸ்டர் அவரைப் பார்த்தாள். இவ்வளவு நாள் அவள் திட்டிக்கொண்டிருந்தது, தெரியாமல் செய்துவிட்ட ஒரு ஆளைத்தான். காய்ந்த குச்சி என்று நினைத்துவிட்டார், பாவம், அளக்கத்தான் தெரியும், மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று கோபத்துக்குள்ளேயே ஒரு மூலையில் அவருக்குக் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தாள். தெரிந்தே செய்திருக்கிறார். முளை விட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றியிருக்கிறார். அதோடு விட்டாரா? தப்பிப் பிழைத்து வந்ததையும் தினம் விடியலில் வந்து நறுக்கிக்கொண்டிருக்கிறார், அதுவும் அவளுடைய கத்தரிக்கோலால். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்!" சர்வேயர் பூவாளியை ணங்கென்று கீழே வைத்தார். அவரும் கத்துவார் என்று அந்த வீட்டில் அன்றைக்குத்தான் தெரிந்தது. "தெரிஞ்சுதான் செஞ்சேன். இந்த வீட்டக் கட்டினதுல எனக்குப் பங்கில்லையா? ஒரு ரோஜாச் செடி வைக்கணும்னு எத்தன வருஷமா கேட்டேன்? எடமில்ல எடமில்லன்னு சொன்ன. டியூட்டி முடிஞ்சு வருவ, ஒரு பார்வ இந்தப் பக்கம் கெடையாது, நேரா மண்ணுல போய் உக்காந்துருவ. நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். டீ ஆறிப் போவும். பாதி வருஷம் வெறும் மண்ணு, அதுக்குக் காவல் நான். ஒரே ஒரு வெயில் காலம், எனக்குப் புடிச்ச மாதிரி, நான் நெனச்ச கலர்ல இருக்கட்டுமேன்னு தோணுச்சு. தப்பா?"

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். ரோஜா விஷயம் உண்மைதான். அவர் கேட்டதும் உண்மை, அவள் இடமில்லை என்றதும் உண்மை. சிஸ்டர் அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்காக அவள் கோபம் ஒரு துளி இறங்கியிருக்கும் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு அவளைத் தெரியாது.

"தப்பான்னு கேக்குறீங்களா?" குரல் உயரவே இல்லை. வார்டில் அந்தக் குரலுக்குப் பெரிய டாக்டர்களே ஒதுங்கி நிற்பார்கள். "ரோஜா வேணும்னா சண்ட போட்டிருக்கணும். என் மூஞ்சிக்கு நேரா, இப்பக் கத்துனீங்களே, அப்படிக் கத்தியிருக்கணும். பாத்தில பாதி எனக்குன்னு நூல் புடிச்சுப் பிரிச்சிருக்கணும். அதெல்லாம் செய்ய வாய் வரல. நான் எப்ப படுப்பேன்னு காத்துக்கிட்டிருந்தீங்க. என்ன மேஜையில படுக்க வச்சு, மயக்கம் குடுத்து, முழங்கால அறுக்கப் போறதுக்கு முன்னாடி அந்த டாக்டர் என்ன செஞ்சாரு தெரியுமா? நேத்துப் பொறந்த பையன். என் மூஞ்சியப் பாத்து, எந்தக் காலு, என்ன செய்யப் போறோம், சம்மதமான்னு கேட்டாரு. கேட்டுட்டுத்தான் கத்தியத் தொட்டாரு. நீங்க கேட்டீங்களா?"

சர்வேயர் சட்டைப் பையிலிருந்த டேப்பை உள்ளே அழுத்தினார்.

"முளை வந்திருக்குன்னு தெரிஞ்ச பொறகாவது கேட்டீங்களா? உனக்காகத்தான்னு சொன்னீங்க. என் தலையில கட்டுனீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. எனக்காகச் செஞ்சீங்களாம்! ஊரே வந்து நான் குடுத்து வச்சவன்னு சொல்லிட்டுப் போவுது!"

தெருவில் எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சர்வேயர் கண்ணால் கெஞ்சினார், உள்ளே போய்ப் பேசலாம் என்று. சிஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாத்தனாரைப் பார்த்து, "அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிய எடுத்துக்கிட்டு வா," என்றாள்.

"கை வச்சதா, வைக்காததா அண்ணி?"

"கை வச்சது. எந்திரிக்கப் புடிக்கணும்ல."

நாத்தனார் கொண்டு வந்தாள். வராந்தாவில் போடப் போனவளைத் தடுத்து, சிஸ்டர் வாக்கரால் காட்டினாள். பாத்திக்குள்ளே. செண்டுப்பூவுக்கும் பெட்டூனியாவுக்கும் நடுவில்.

"பூவெல்லாம் நசுங்கும் அண்ணி."

"நசுங்கட்டும்."

நாத்தனார் அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரியாக அங்கே போட்டு, ஆடாமல் இருக்க நாலு காலையும் மண்ணில் அமுக்கினாள். ஊதாப் பூக்கள் அடியில் மாட்டிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தன. சிஸ்டர் ஒவ்வொரு படியாக இறங்கி, நடைபாதையைத் தாண்டி, வரிசையை மிதித்துக்கொண்டே உள்ளே போய், இரண்டு கையையும் ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள். புதுக் கால் மடங்க மறுத்தது, அதை நீட்டி வைத்துக்கொண்டாள். வாக்கரைப் பக்கத்தில் சால்வியாமேல் சாய்த்தாள். பிறகு குனிய முடிந்த அளவு குனிந்து, கையால் செண்டுப்பூக்களை விலக்கி, நறுக்கப்பட்ட அடித்தண்டு ஒவ்வொன்றாகத் தேடினாள். ஒன்று, அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. வெட்டின இடத்துக்குப் பக்கவாட்டில் ஒன்று மறுபடியும் புடைத்துக்கொண்டு வந்திருந்தது.

எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றுவிட்டார். "என்ன சிஸ்டர், காலையிலேயே பூவுக்கு நடுவுல? போட்டோ எதுவும் எடுக்குறீங்களா?"

"இல்ல சார். டியூட்டியில இருக்கேன்."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சர்வேயரைப் பார்த்துவிட்டு, நடையைக் கட்டினார். நாத்தனார் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து சிஸ்டர் மடியில் வைத்தாள். முளையை என்ன செய்வதென்று தெரியாமல் அதையும் பக்கத்தில் வைத்துவிட்டு, டீ போட உள்ளே போனாள்.

வெயில் சுவரைத் தாண்டிப் பாத்தியில் விழுந்தது. சர்வேயர் நடைபாதையில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வெறும் காலில் மண் ஒட்டிக் காய்ந்திருந்தது. உள்ளே போகவும் முடியவில்லை, அவள் பக்கம் வரவும் முடியவில்லை. கடைசியில் பூவாளியை எடுத்துக்கொண்டு பாத்தி ஓரத்துக்கு வந்தார். கோட்டைத் தாண்டவில்லை. அவள் கால்மாட்டில், வெட்டுப்பட்டுக் கிடந்த அந்த அடித்தண்டைப் பார்த்தார்.

"ஊத்தட்டுமா?" என்றார்.

சிஸ்டர் நிமிரவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விரலால் அந்த முளையைச் சுற்றியிருந்த மண்ணைத் தட்டித் தட்டி விலக்கிக்கொண்டிருந்தாள். அவர் கேட்டுவிட்டு நின்றார். நிரம்பிய பூவாளியின் கனத்தில் ஒரு தோள் இறங்கியிருந்தது. கீழே வைத்துவிடவும் அவருக்குத் தோன்றவில்லை. பூவாளி மூக்கிலிருந்து கசிந்த தண்ணீர் அவருடைய வெறும் பாதத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.